பாதங்களைச் சேர்த்து வைத்தல் தொடர்பாக

மனிதருக்குக் கால்கள் இரண்டு. இந்த விஷயத்தில் மாத்தளை பலவகைக் கைப்பணி அனுமதிப் பணிமனை, சென்ற பெப்ரவரி மாதம் வரை, எந்த நிலைப்பாடும் எடுத்திருக்கவில்லை. எடுக்கவேண்டிய தேவை வரவில்லை. பாய் இழைக்கிறவர்கள், விளக்குமாறு கட்டுகிறவர்கள், தொப்பி பின்னுகிறவர்கள் என்று அங்கே வந்தவர்கள் எல்லோரும் ஒன்றொன்றாக எண்ணக்கூடிய பொருட்களையே கொண்டுவந்தார்கள். நான்கு வருடத்திலோ ஆறு வருடத்திலோ அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. யாரும் அவசரப்படவில்லை. அவசரப்பட்டவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

பெப்ரவரி இரண்டாவது வாரத்தில் பலாபத்வலயிலிருந்து ஜெஸ்லா என்ற பெண் ஒரு சோடி சப்பாத்துடன் வந்தாள்.

ஜெஸ்லா வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துகளில் படம் வரைகிறவள். வான்கோ என்ற ஒல்லாந்து ஓவியர் வானத்தைத் தீட்டிய பாணியில், தடித்த கோடுகளில், நீலமும் மஞ்சளும் சுழன்று சுழன்று போகும். ஆரம்பத்தில் இரண்டு சப்பாத்திலும் ஒரே படத்தைத்தான் போட்டாள். அவளுடைய கணவன் றிஷாத், த்ரீவீல் ஓட்டுகிறவன், அதைப் பார்த்துவிட்டு இரண்டு டீவியில் ஒரே நாடகம் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றான். அன்றிலிருந்து அவள் ஒரே வானத்தை இரண்டு சப்பாத்துக்கும் பொதுவாக வரைய ஆரம்பித்தாள். இடது சப்பாத்தில் கருத்த மரமும் மலையும். வலது சப்பாத்தில் நிலவு. இடதில் கிளம்புகிற சுழல் வலதில் போய் முடியும். பாதங்களைச் சேர்த்து வைத்தால் வானம் முழுசாக இருக்கும்.

தம்புள்ளையில், உல்லாசப் பயணிகளின் பஸ்கள் நிற்கிற இடத்தருகே ஒரு சின்னக் கடை காலியாகியிருந்தது. கடைக்காரர் ஜுனைதீன் ஹாஜியார் மார்ச் முப்பத்தோராம் திகதி மாலை நாலு மணி வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அனுமதி இலக்கம் கொண்டுவந்தால் கடை ஜெஸ்லாவுக்கு. இல்லாவிட்டால், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்த யானை விற்கும் ஒருவருக்கு. மூன்று வருடம் தேடிக் கிடைத்த இடம் அது. வீட்டில் வரைந்து முடித்த சப்பாத்துகள் முன்னறை நிறைந்து, படுக்கையறைக்கும் வந்து, இப்போது கட்டிலின் கால்மாட்டில் ஏறியிருந்தன. றிஷாத் குறுக்காகப் படுத்துத் தூங்கப் பழகியிருந்தான்.

அனுமதி உத்தியோகத்தர் ஸக்கரியா நிதானமான மனிதர். முதலில் வான்கோ யார் என்று கேட்டார். ஒல்லாந்தர் என்றதும் பேனாவை மூடி, ஒல்லாந்தர் இலங்கையை ஆண்ட காலத்துப் பொருள் என்றால் தொல்பொருள்காரர்களிடம்தான் போக வேண்டும் என்றார். படத்தைத் தானே போன மாதம் வரைந்ததாக ஜெஸ்லா விளக்கினாள். ஸக்கரியா பேனாவைத் திறந்தார். ஏழாவது கேள்வி: படைப்புகளின் எண்ணிக்கை.

"ஒன்னு, சேர்."

"சப்பாத்து ரெண்டு இருக்கே, தங்கச்சி."

"சப்பாத்து ரெண்டு. படம் ஒன்னு."

ஸக்கரியா இடது சப்பாத்தைத் தூக்கினார். "இதில படம் இருக்கா?"

"பாதி இருக்கு."

"மத்ததில?"

"மத்தப் பாதி."

"அப்ப படம் எங்க இருக்கு?"

ஜெஸ்லா இரண்டையும் மேசையில் சேர்த்து வைத்தாள். வானம் வந்தது. ஸக்கரியா அதை ரசித்தார். பிறகு ஒரு விரலால் வலது சப்பாத்தை மெல்ல நகர்த்தினார்.

"இப்ப?"

"இப்ப இல்ல, சேர்."

"போட்டுக்கிட்டு நடந்தா?"

ஜெஸ்லா கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறவள். "வந்து வந்து போகும்" என்றாள்.

ஸக்கரியா அவளுடைய விண்ணப்பக் கோவையில் எழுதினார்: 'மேற்படி படைப்பானது நடக்கும்போது இடையிடையே இல்லாமற்போவதாக விண்ணப்பதாரியே ஒப்புக்கொள்கிறார்.' முழுமையற்ற படைப்புக்கு அனுமதி இல்லை என்று ஒரு சுற்றுநிருபம் இருந்தது. அடி பின்னாமல் கொண்டுவரப்படும் கூடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. ஆனால் ஸக்கரியா அநியாயம் செய்கிறவர் அல்ல. படம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு நேரம் இல்லாமலிருக்கிறது என்று அவதானித்து முடிவெடுக்கலாம் என்றார். அவதானிப்பதற்கு அதை யாராவது அணிய வேண்டும். யார் அணிவது என்று சுற்றுநிருபம் சொல்லவில்லை. அவர் சிறிது நேரம் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டாம் நம்பர்" என்றார். "முன்னுக்குக் கொஞ்சம் அகலமா இருக்கட்டும்."

றிஷாத் இதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கப் பேசினான். கந்தோரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே சாதி என்றான். கதிரையை உருவிவிட்டால் செத்துப்போவார்கள் என்றான். தன் தலையில் அப்படி ஒரு வேலையைக் கட்டினாலும் ஒரு நாள்கூட இருக்கமாட்டேன் என்றான். அவனுடைய த்ரீவீலில் ஏறிய ஆறு பேரும் அதை ஆமோதித்தார்கள். ஆறாவது ஆள் அரசாங்க உத்தியோகத்தர்.

ஜெஸ்லா எட்டாம் நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் பணிமனைத் தலைவர் இத்ரூஸ் அதைப் பார்த்தார். ஒரே அளவில் மட்டும் அவதானித்தால் முடிவு பக்கச்சார்பாகிவிடும் என்றார். அவருடையது ஒன்பது. பதிவேட்டுப் பிரிவு சர்மிளா, பெண்பாலாரின் பிரதிநிதித்துவம் பேணப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினாள். ஐந்து. மாதம் முடிவதற்குள் பதினொரு உத்தியோகத்தர்கள் அவதானித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அதை அன்பளிப்பாக எடுக்கவில்லை. எல்லோரும் மாதிரியாகவே எடுத்தார்கள். அன்பளிப்பு என்றால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

உத்தியோகத்தர்கள் போட்டால் ஊர் பார்க்காமல் இருக்குமா? மார்ச் முதல் வாரத்தில் மாத்தளையில் பாதங்களைச் சேர்த்து நிற்பது நாகரிகமாகிவிட்டது. கலியாண வீட்டில் மாப்பிள்ளைகள் அப்படி நின்றார்கள். பஸ் நிலையத்தில் இளைஞர்கள் அப்படி நின்று, பஸ் வந்த பிறகும் நின்றார்கள். நகரக் கடைகளில் இயந்திரத்தில் அச்சடித்த நட்சத்திரச் சப்பாத்துகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அவற்றுக்கு அனுமதி தேவைப்படவில்லை. அவை கைப்பணி அல்ல.

இதற்கிடையில் ஸக்கரியாவின் அவதானிப்புப் பதிவேடு தலைவரின் மேசைக்குப் போனது. படம் இருந்த நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். இல்லாத நேரம் ஐந்தரை மணி. இத்ரூஸ் அதை இரண்டு தடவை வாசித்தார். குறை படத்தில் இல்லை, நடப்பதில்தான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அன்று பிற்பகலே சுற்றுநிருபம் வெளியானது: 'மாதிரிகளை அணிந்துள்ள உத்தியோகத்தர்கள் கடமை நேரத்தில் பாதங்களைப் பிரித்தல் ஆகாது.'

ஒருவரும் எதிர்க்கவில்லை. சிலருக்கு ஏதோ மாறியிருக்கிறது என்பதே தெரியவில்லை.

அலுவலக உதவியாளர் பழனிமுத்து மட்டும் ரப்பர் செருப்போடு நடந்தார். பதினொரு பேரின் கோவைகளையும் அவரே சுமந்தார். மூன்றாம் நாள் எழுத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்தார். கொடுக்கும்போது வாயாலும் சொன்னார்: "எனக்கும் ரெண்டு காலுதாங்க ஐயா." தலைவர் யோசித்துப் பார்த்தார். மறுக்க ஆதாரம் எதுவும் இல்லை. பழனிமுத்துவுக்கு ஏழாம் நம்பர் வழங்கப்பட்டது. அத்துடன் பணிமனையில் காகிதம் நகர்வது முற்றாக நின்றது.

அது நின்றதை முதலில் கண்டுபிடித்தவர் பல்லேபொலவிலிருந்து வந்த பீபி உம்மா. தொப்பி பின்னுகிறவர். ஆறு வருடமாக வியாழக்கிழமைகளில் வந்துபோகிறார். அவருடைய கோவை தன்னிடம் தயாராக இருப்பதாகவும், ஆனால் முத்திரை தலைவரின் மேசையில் இருப்பதாகவும் ஸக்கரியா சொன்னார். தலைவரின் மேசை அதே அறையில் பதினெட்டு அடி தள்ளி இருந்தது. ஸக்கரியா அங்கே போக முடியாது. தலைவர் இங்கே வர முடியாது. இருவரும் ஒருவரை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

பீபி உம்மா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"மகன், ஒங்கட கதிரைக்குச் சில்லு இருக்கே."

"இருக்கு உம்மா. அதனால?"

"காலத் தூக்குங்க."

ஸக்கரியா பாதங்களைச் சேர்த்தபடியே தூக்கினார். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பீபி உம்மா கதிரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைவரிடம் போனார். முத்திரை விழுந்தது. அங்கிருந்து சர்மிளாவிடம். பதிவு விழுந்தது. அங்கிருந்து பழைய இடத்துக்கு. ஆறு வருடத்துக் காரியம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. பீபி உம்மா வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றார். இனி வியாழக்கிழமைகளில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அறுபது பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வில்கமுவயிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்தும் ட்ரெக்டரில் தொங்கியும் ஆட்கள் வந்தார்கள். பாய்க்காரர் ஒருவர் கயிறு கொண்டுவந்தார். ஒருவர் சில்லுகளுக்குத் தேங்காயெண்ணெய் போட்டார். முதல் நாள் இரண்டு கதிரைகள் மோதி, ஓர் உதவிப் பணிப்பாளர் சுவரோடு போய் நின்றதால், போக இடப்பக்கம், திரும்ப வலப்பக்கம் என்று ஒழுங்கு வந்தது. றிஷாத் வாசலில் நின்று கை காட்டினான். அதுவரை கண்ணைத் தாழ்த்தி, தலையைச் சொறிந்து, "சேர், கொஞ்சம்..." என்று தொடங்கியவர்கள் இப்போது உள்ளே வரும்போதே "காலத் தூக்குங்க சேர்" என்றார்கள். உத்தியோகத்தர்களும் தூக்கினார்கள். அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு நாலைந்து மைல் போய்வந்தார்கள். அதுவரை தங்கள் பணிமனையில் மொத்தம் எத்தனை சன்னல் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எல்லோருடைய கோவையும் ஓடியது. ஜெஸ்லாவுடையது மட்டும் ஓடவில்லை. அவள் ஸக்கரியாவை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்று தடவையும் அவர் அன்பாகவே விளக்கினார். நடக்கும்போது படத்துக்கு என்ன ஆகிறது என்பது பற்றிப் போதிய தரவு இல்லை. தரவு இல்லை, ஏனென்றால் யாரும் நடக்கவில்லை. யாரும் நடக்கவில்லை, ஏனென்றால் நடந்தால் படம் போய்விடும்.

"கொஞ்சம் நடந்து பாருங்களேன், சேர்."

"மாதிரியைச் சேதப்படுத்தச் சொல்றீங்களா, தங்கச்சி?"

மார்ச் முப்பத்தோராம் திகதி காலை அவள் கடைசி முறையாகப் போனாள். வாசலில் நூற்று நாற்பது பேர் நின்றார்கள். பீபி உம்மா முன்னால் வந்தார். வேலை முடிந்த பிறகும் வியாழக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். அவருடைய கையில் ஒரு மனு இருந்தது. கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஜெஸ்லாவின் விண்ணப்பத்தை முடிவு செய்ய வேண்டாம் என்று பொதுமக்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க மகள்" என்றார் பீபி உம்மா. "ஒங்கடது முடிஞ்சா அவங்க சப்பாத்தத் திருப்பிக் குடுக்கணும். குடுத்தா எழும்பி நடப்பாங்க. நடந்தா நேரா டீ குடிக்கப் போயிடுவாங்க. இந்தச் சனத்தைப் பாருங்க."

ஜெஸ்லா சனத்தைப் பார்த்தாள். கூடை, பாய், மண்சட்டி, அகப்பை. ஒருவர் ஒன்பது வருடத்துக்கு முன் கொடுத்த விளக்குமாற்று மாதிரியின் ரசீதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் மணியைப் பார்த்தாள். எட்டரை.

"இவங்கட எல்லாம் முடிஞ்சா என்னடதைக் குடுப்பாங்களா?"

"ஏன் குடுக்க மாட்டாங்க?" என்றார் பீபி உம்மா. அவருக்குத் தெரியாது.

ஜெஸ்லா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அன்று பன்னிரண்டு கதிரைகள் ஓடின. அவள் ஸக்கரியாவை இழுத்தாள். வில்கமுவக்காரர்கள் சர்மிளாவை இழுத்தார்கள். சர்மிளா எழுதிக்கொண்டே போனாள். ஒரு மணிக்குப் பிறகு தலைவரின் கதிரையும் கிளம்பி, முத்திரையே ஆட்களைத் தேடி வந்தது. பழனிமுத்துவை இரண்டு பேர் தள்ளினார்கள். அவர் மடியில் கோவைகளை அடுக்கிக்கொண்டு, வளைவில் "மெதுவாங்க, மெதுவாங்க" என்று கேட்டுக்கொண்டார். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு யாரும் எழும்பவில்லை. எழும்புவது தடைசெய்யப்பட்டிருந்தது.

மூன்று மணி இருபதுக்குக் கடைசி அகப்பைக்கு முத்திரை விழுந்தது. எல்லோரும் ஜெஸ்லாவை வாழ்த்தினார்கள். கையேந்தித் துஆச் செய்தார்கள். பிறகு ஒரு நிமிடத்தில் வாசல் காலியானது. வில்கமுவ பஸ் போய்விட்டால் அடுத்தது இல்லை.

அறையில் பன்னிரண்டு உத்தியோகத்தர்களும் ஜெஸ்லாவும் இருந்தார்கள். அவள் ஸக்கரியாவைத் தலைவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி மூச்சு வாங்கினாள். இத்ரூஸ் முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார். அப்போது சர்மிளா பதிவேட்டைப் பார்த்தபடி, "சேர், நிலுவை ஒன்னு" என்றாள்.

"ஒன்னா?"

"இவங்களது மட்டும்தான்."

முத்திரை அந்தரத்தில் நின்றது. ஒரு சுற்றுநிருபம் இருந்தது. யாரும் அதுவரை பயந்திராத சுற்றுநிருபம். நிலுவை விண்ணப்பம் ஒன்றேனும் இல்லாத பணிமனை தேவையற்றதெனக் கருதப்பட்டுக் கண்டியுடன் இணைக்கப்படும். பன்னிரண்டு பேரும் ஜெஸ்லாவைப் பார்த்தார்கள். அந்தப் பணிமனை ஒரு விண்ணப்பதாரியை அவ்வளவு பாசத்தோடு பார்த்தது அதுவே முதல் தடவை.

இத்ரூஸ் முத்திரையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நீங்கதான் இப்ப எங்களுக்கு எல்லாம்" என்றார். அவளுடைய கோவையை இரும்பு அலுமாரியில் வைத்துப் பாதுகாக்கப்போவதாகச் சொன்னார். பிறந்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மணி மூன்று நாற்பது. ஜெஸ்லா அழவில்லை.

"அப்ப நான் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறேன், சேர்."

பன்னிரண்டு பேரும் எழுந்து நடந்தார்கள். பன்னிரண்டு வானங்கள் பிய்ந்து, சேர்ந்து, பிய்ந்து அவளை நோக்கி வந்தன. பழனிமுத்து கதவை மூடிச் சாய்ந்து நின்றார். சர்மிளா தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸக்கரியா மட்டும் குனிந்து தன் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஏதோ தோன்றியது.

நடத்தல் தொடர்பான தரவு இல்லை. தரவு வேண்டும். நடக்கிறவர்கள் தம்புள்ளையில் இருக்கிறார்கள். ஆகவே தம்புள்ளையில் ஓர் அவதானிப்பு நிலையம் வேண்டும். விண்ணப்பதாரி அங்கே இருந்துகொண்டு மாதிரிகளை விற்கலாம். வாங்குகிறவர்கள் நடந்து பார்த்துப் படிவம் நிரப்பலாம். அவதானிப்பு முடியும்வரை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும். அதற்காக ஒரு பரீட்சார்த்த இலக்கம் வழங்கலாம்.

மூன்று ஐம்பத்தாறுக்கு ஜெஸ்லா ஜுனைதீன் ஹாஜியாருக்குத் தொலைபேசியில் இலக்கத்தைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். இலக்கம் என்றால் அவருக்கு இலக்கம்தான்.

கடை நன்றாக நடக்கிறது. உல்லாசப் பயணிகள் சப்பாத்தைப் போட்டு, பாதங்களைச் சேர்த்து நின்று, குனிந்து பார்த்து, சிரித்து, பிறகு இரண்டு பக்கப் படிவத்தை நிரப்புகிறார்கள். படிவமும் கலையின் ஒரு பகுதி என்று அவர்கள் நினைக்கிறார்கள். சிலர் அதன் பிரதியைக் கேட்டு வாங்கிச் சட்டம் போடக் கொண்டுபோகிறார்கள். ஒன்பதாவது கேள்வி: நடக்கும்போது படம் முழுமையாக இருந்ததா? எல்லோரும் இல்லை என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு 'இல்லை'யும் மாத்தளைக்குப் போய்ச் சேரும்போது பணிமனை நிம்மதியாக மூச்சு விடுகிறது.

ஒருத்தி மட்டும், சீகிரியாக் குன்றில் ஏறி இறங்கிவிட்டு வந்தவள், ஆம் என்று எழுதினாள்.

அந்தப் படிவம் மாத்தளைக்குப் போன அன்றே காணாமற்போயிற்று. காணாமற்போன படிவத்தைத் தேட வேண்டியது கட்டாயம். தேடுவதற்கு ஓர் உத்தியோகத்தர் பதவி உருவாக்கப்பட்டது. ஓய்வூதியம் உண்டு. பாதைகள் நன்கு தெரிந்திருப்பது விரும்பத்தக்கது என்றார்கள். நேர்முகத் தேர்வுக்கு ஒரே ஒருவனுக்குத்தான் கடிதம் வந்தது. றிஷாத் த்ரீவீலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, நீளக்கைச் சட்டை இரண்டு வாங்கினான்.

முதல் நாள் மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது ஜெஸ்லா முன்னறையில் ஒரு நிலவுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கிடைச்சிட்டு" என்றான் மெதுவாக. "ஸக்கரியா சேர்ட மேசை லாச்சியில. போய்ப் பத்து நிமிஷம் ஆகல்ல."

"என்ன எழுதியிருந்திச்சு?"

"நடக்கும்போதுதான் படம் உண்மையிலயே ஓடிச்சாம். நிக்கும்போது அது வெறும் படமாம். நடந்தா வானமாம்."

ஜெஸ்லாவின் தூரிகை நின்றது. இப்படி ஒருவராவது சொல்லமாட்டார்களா என்று இத்தனை நாள் காத்திருந்தவள் அவள்.

"படிவம் எங்க?"

"எடுத்த இடத்திலயே வச்சிட்டேன்."

வெளியே ஏ-ஒன்பது வீதியில் ஒரு லொறி போனது. சுவரோரம் அடுக்கியிருந்த சப்பாத்துகள் லேசாக அதிர்ந்தன. ஜெஸ்லா தூரிகையை மஞ்சளில் தோய்த்தாள்.

"நல்லாத் தேடுங்க" என்றாள். "அவசரப்பட வேணாம்."